ஐம்பது வருஷம் திறக்கக் கூடாத எண்ணெய் டின்

1

பார்ட்னர் என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மில்லில் பங்கு வைத்திருப்பவர். பம்ப் கம்பெனியிலோ நகைக்கடையிலோ பேக்கரியிலோ பாதி முதல் போட்டவர். கோயம்புத்தூரில் இரண்டு பேர் பார்ட்னர் என்று அறிமுகமானால் அடுத்த கேள்வி, "என்ன லைன்ங்க?" என்பதுதான். அறுபத்தெட்டு வயதுவரை அந்த ஒரே அர்த்தத்தோடு வாழ்ந்துவிட்டு, நியூசிலாந்தின் வெலிங்டனில் ஒரு சின்ன அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஹெலன் என்ற வெள்ளைக்கார அம்மாள். விசா விண்ணப்பம் போடுகிறவர்களுக்கு வழி சொல்வது அவர் வேலை. எனக்கு ஒரு பக்கம் என் மகள் நித்யா, மறுபக்கம் ரங்கா.

ஹெலன் பேனாவைத் திறந்துகொண்டு, "நீங்கள் இருவரும் எத்தனை வருடமாகப் பார்ட்னர்கள்?" என்று கேட்டார்.

என் ஆங்கிலம் படிப்பதற்கு நன்றாக இருக்கும், பேசுவதற்குத்தான் நடுங்கும். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியும் என்பதால் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "இல்லை மேடம். நாங்கள் எந்தத் தொழிலும் சேர்ந்து செய்ததில்லை. சொல்லப்போனால் போட்டிக் கம்பெனிகளில் வேலை பார்த்தோம்."

நித்யா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். ரங்காவின் தோள் குலுங்கியது. அவள் சிரித்தால் சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். பார்க்கிறவர்கள் அழுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஹெலனும் அப்படித்தான் நினைத்து, டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் தள்ளினார்.

"அம்மா, அவங்க கேக்கறது அந்த பார்ட்னர் இல்ல" என்றாள் நித்யா.

"பின்னே?"

அவள் படிவத்தை என் பக்கம் திருப்பினாள். ஒரு கட்டத்தில் ஏற்கெனவே டிக் விழுந்திருந்தது. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படித்தேன். கணவன், மனைவி அல்லது வாழ்க்கைத்துணை என்று இருந்தது.

நாற்பது வருஷத்தில் நானும் ரங்காவும் ஒருவரிடம் ஒருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளாத ஒன்றை, என் மகள் எங்களைக் கேட்காமலே நீல மையில் டிக் அடித்து வைத்திருந்தாள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. மேசையைச் சுற்றிப் போய் அந்த ஹெலனைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

2

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். செய்தி எழுதிப் பிழைத்தவளுக்கு அதுதான் முறை.

நான் வசந்தாமணி. சோமனூரில் தறிக்காரர் வீட்டுப் பெண். மகளுக்கு இரண்டு வயதாகும்போது கணவர் காய்ச்சலில் போய்விட்டார். கோவையில் ஒரு மாலைப் பத்திரிகையில் பிழைதிருத்தும் வேலைக்குச் சேர்ந்து, பிறகு நிருபர் ஆனேன். ரங்கநாயகிக்கு என்னைவிட இரண்டு வயது கூட. தெலுங்கு பேசும் வீடு, அப்பா ஒரு நூல் மில்லில் மாஸ்டர். அவள் காலைப் பத்திரிகை. எங்கள் இரண்டு பத்திரிகைகளுக்கும் ஆகாது. ஒரே டீக்கடையில் இரண்டு ஆபீஸ்காரர்களும் எதிரெதிர் பெஞ்சில் உட்காருவார்கள்.

சோமனூரில் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். என் ஊர் என்பதால் என்னை அனுப்பினார்கள். பேச்சுவார்த்தை நடந்த மண்டபத்து வாசலில் கூட்டம். நெளிநெளியாய் முடி வைத்த ஒருத்தி என்னிடம் வந்து, "ஏனுங்க, பேனா இருக்குதுங்களா? என்னுது எழுத மாட்டீங்குது" என்றாள். கொடுத்தேன். என்னிடம் இருந்தது அந்த ஒரு பேனாதான் என்பது, அவள் அதோடு மண்டபத்துக்குள் நுழைந்த பிறகுதான் உறைத்தது. நான் கடைகடையாய் ஏறிப் பேனா வாங்கிவிட்டு வருவதற்குள் கூட்டம் கலைந்திருந்தது. வெளியே வந்த ஒரு தலைவர் சிரித்த முகமாக இருந்ததை வைத்து, 'பேச்சில் சுமுகம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பேச்சு முறிந்துபோனதை மறுநாள் காலையில் அவள் பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது. என் ஆசிரியர் இரண்டு பத்திரிகைகளையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டுப் போனார்.

அதற்கு அடுத்த நாள் தபாலில் பேனா திரும்பி வந்தது. கூடவே ஒரு துண்டுக் காகிதம். "உங்க பேனா நல்லா எழுதுதுங்க. நீங்களும் நல்லா எழுதறீங்க. தகவல்தான் தப்பு. ஒரு காபி சாப்பிடலாமுங்களா?"

இரண்டு வருஷத்தில் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் மூன்று பேராகக் குடியிருந்தோம். நான், ரங்கா, நித்யா. கீழ் வீட்டு அம்மா யாராவது கேட்டால், "மேல ரெண்டு பேப்பர்க்காரம்மாங்க இருக்கறாங்க" என்று சொல்லி முடித்துவிடுவார். ஊர் அதற்கு மேல் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

இதில் ஒரு சங்கடம். மாலைப் பத்திரிகை நிருபர் காலை ஆறரைக்கெல்லாம் ஆபீசில் இருக்க வேண்டும். காலைப் பத்திரிகைக்காரிக்கு வேலையே மதியத்துக்கு மேல்தான். நான் போகும்போது அவள் தூங்குவாள். நான் மூன்று மணிக்கு வரும்போது அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். வாசற்படியில் ஒரு பத்து நிமிஷம். நித்யாவுக்கு அது பெரிய யோகம், எந்நேரமும் எங்களில் ஒருத்தி வீட்டில் இருந்தாள். எங்களுக்குத்தான் பேச நேரமில்லை. அதனால் எழுதிக்கொண்டோம். புரூஃப் காகிதத்தின் பின்பக்கத்தில், ஒரு சீட்டு, இரண்டு சீட்டு. கடைகளில் பில் குத்தி வைக்கும் கம்பி ஒன்றை வாங்கிச் சமையலறை மேடையில் வைத்தாள் ரங்கா. அவள் எழுதியதை நான் குத்துவேன், நான் எழுதியதை அவள் குத்துவாள். கம்பி நிறைந்தால் அவள் எல்லாவற்றையும் உருவி, காங்கேயத்தில் இருந்து தேங்காயெண்ணெய் வந்த பெரிய தகர டின்னில் போட்டு மூடுவாள். தூக்கிப் போடேன் என்றால், "செய்திய எவளாவது குப்பையில போடுவாளா?" என்பாள்.

3

நித்யா படித்தாள், வளர்ந்தாள், நியூசிலாந்துக்கு வேலைக்குப் போனாள். அங்கே போனதும் அவள் தமிழ் மெல்ல மெல்லச் சுருங்கியது. முதலில் எழுதுவது நின்றது. பிறகு படிப்பது. ஃபோனில் பேசும்போது வினைச்சொல் எல்லாம் 'பண்ணு' ஆகிவிட்டது. 'வாக் பண்ணேன், ஈட் பண்ணேன்' என்பாள். ரங்கா மட்டும், "அப்படியே ஸ்லீப்பும் பண்ணு கண்ணு" என்று கிண்டல் செய்வாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு முதுகில் அறுவை சிகிச்சை என்று ஆனது. தனியாக இருந்தாள். அம்மாவுக்காக அவள் எப்போதோ போட்டு வைத்த நிரந்தரக் குடியிருப்பு விண்ணப்பமும் அந்த நேரம் பார்த்துத்தான் கைகூடியது. "புள்ள படுத்துக் கெடக்கறா, நீ என்ன யோசிச்சுட்டிருக்கறே? கெளம்பு" என்று ரங்காதான் என் பெட்டியை எடுத்து வைத்தாள். படிவத்தில் என்னைப் பற்றிக் கேட்ட இடத்தில் 'விதவை' என்று எழுதினேன். பொய் இல்லை. முழுச் செய்தியும் இல்லை.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு, கோவையில் ஒரு பெண்கள் கல்லூரியில் இருந்து சுகந்தி என்பவர் வந்தார். அங்கே ஆவணக் காப்பகம் அவர் பொறுப்பு. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பெண் நிருபர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம் என்பதால், எங்கள் குறிப்பேடுகள், செய்தி நறுக்குகள், படங்கள் எல்லாம் வேண்டும் என்றார். கையுறை போட்டுக்கொண்டு எங்கள் பரணில் ஏறிய முதல் மனுஷி அவர்தான். டின்னையும் இறக்கினார். இரண்டு சீட்டைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார், ரங்காவைப் பார்த்தார், மூடிவிட்டார்.

"இதுவுங் குடுக்கறீங்களாம்மா?"

"குடுக்கறோம்" என்றாள் ரங்கா.

எனக்கு வியர்த்துவிட்டது. "குடுக்கலாம். ஆனா ஐம்பது வருஷம் யாரும் திறக்கக் கூடாதுன்னு போட்டுக்கலாம்" என்றேன்.

"பத்து வருசம் போட்டாப் போதும்ங்கம்மா. வழக்கம் அதுதானுங்க."

"ஐம்பது."

படிவத்தில், கொடுப்பவர்களுக்குள் என்ன உறவு என்று ஒரு கேள்வி. பேனா என் கையில்தான் இருந்தது. 'ஒரே வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தவர்கள்' என்று எழுதினேன். ரங்கா அதைப் படித்தாள். என் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். சுகந்தி போன பிறகு சமையலறைக்குப் போய், கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடியும் கழுவினாள்.

அன்றைக்கும் மறுநாளும் அவள் என்னிடம், "காபி வேணுங்களா? துணி மடிச்சாச்சுங்களா?" என்று பேசினாள். கோவைக்காரர்களுக்குப் புரியும். வெளியூர்க்காரர்களுக்கு இதைவிட மரியாதையான பேச்சு இருக்காது. எனக்கு அந்த ஒவ்வொரு 'ங்க'வும் கன்னத்தில் விழுந்தது.

4

பிரிந்திருந்த இரண்டு வருஷத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. இங்கே மாலை ஐந்தரை என்றால் அங்கே காலை பதினொன்று. தினமும் அந்த நேரத்துக்கு ஃபோன். அவள் மாடிப் போர்ஷனில் தனியாக உட்கார்ந்து கீழ் வீட்டுக் கதைகளைச் சொல்வாள். நான் இங்கத்திக் காற்றைப் பற்றிச் சொல்வேன். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாயில் இருந்து அடிக்கிற காற்றுக்கே குடை திரும்பிக்கொள்ளும் என்று பெருமை பேசியவள் நான். வெலிங்டனில் குடை விற்பவர்களே அதை வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்.

பிறகு அவள் ஒன்பது மாதச் சுற்றுலா விசாவில் வந்து இறங்கினாள். வந்த பத்தாம் நாளே எங்கள் தெருவில் எல்லோரையும் தெரிந்து வைத்திருந்தாள். ஆங்கிலம் என்னைவிட நன்றாகப் பேசுவாள். ஆனால் ஆரம்பம் மட்டும், "ஏனுங்க" என்றுதான் வரும். பக்கத்து வீட்டுக் கிழவர் அது வணக்கம் சொல்லும் வார்த்தை என்று நம்பி, இப்போது எங்களைப் பார்த்தால் கை தூக்கி, "யேனுங்க!" என்கிறார். காலையில் இரண்டு பேரும் எழுந்து, ஒரே நேரத்தில் காபி குடித்தோம். வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட். ஒரு வாரம் என்ன பேசுவது என்றே தெரியாமல், பிறகு வாய் மூடாமல் பேசித் தீர்த்தோம்.

ஒன்பது மாதம் என்பது ஓடிவிடும். ஆறாவது மாதம் நித்யாதான் எங்களை ஹெலனிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

தண்ணீர் குடித்து டம்ளரை வைத்த என்னிடம் ஹெலன் பொறுமையாக விளக்கினார். நான் இந்த நாட்டில் நிரந்தரமாக இருப்பவள் என்பதால் துணையை அழைத்துக்கொள்ள வழி உண்டு. ஆனால் வந்தபோது அப்படி ஒருவர் இருப்பதாக நான் சொல்லவில்லை. அதற்கு விளக்கம் வேண்டும், சேர்ந்து வாழ்ந்ததற்கு வலுவான ஆதாரம் வேண்டும். கூட்டாக வங்கிக் கணக்கு? இல்லை. வாடகை ஒப்பந்தம்? ரங்கா பெயரில் மட்டும். சேர்ந்து எடுத்த படங்கள்? இருக்கிறது. எல்லாவற்றிலும் நடுவில் ஒரு மந்திரியோ கலெக்டரோ நிற்பார்.

"கடிதங்கள்?" என்றார் ஹெலன்.

நானும் ரங்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"இருக்கிறது" என்றாள் ரங்கா ஆங்கிலத்தில். "ஒரு டின் நிறைய. காப்பகத்தில். இவள் ஐம்பது வருடத்துக்குப் பூட்டி வைத்திருக்கிறாள். அங்கேயே நாங்கள் வெறும் வாடகைக் குடித்தனக்காரர்கள் என்று இவள் கையெழுத்தில் எழுதியும் கொடுத்திருக்கிறாள்."

ஹெலன் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று நினைத்தேன். அடக்க முடியவில்லை. நான்கு பேரும் சிரித்தோம், எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை. வெளியே வந்து காரில் உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது. எங்களுக்கு எதிரான ஒரே சாட்சி என் கையெழுத்து.

5

சுகந்திக்கு ஃபோன் செய்தேன்.

"ஏனுங்கம்மா, நல்லாருக்கீங்களா? அங்க நெம்பக் குளிருங்களா?"

"நல்லாருக்கேன் சுகந்தி. அந்த எண்ணெய் டின்..."

"பத்திரமா இருக்குதுங்க. ஒவ்வொண்ணையும் தனித்தனி உறையில போட்டு, ரெண்டு பெட்டியில வெச்சு சீல் பண்ணிப்போட்டேனுங்க. எண்ணெ வாசந்தான் போகவே மாட்டீங்குது."

"அதைத் திறக்கணும்."

"ஐம்பது வருசம்னு நீங்கதானுங்கம்மா எழுதினீங்க. நாங்கூட பத்துப் போதும்னேன். இப்ப மூணுதானுங்க ஆகுது."

"தெரியும்."

"ரூலுன்னு ஒண்ணு இருக்குதுங்களே. குடுத்தவங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, காரணம் எழுதி அனுப்போணும். கமிட்டி பாக்கோணும். சொந்தக் காரணம்னு மொட்டையா எழுதினா ஒத்துக்க மாட்டாங்க. என்ன ஏதுன்னு தெளிவா எழுதீருங்க."

காரணத்தை நான்தான் எழுத வேண்டும் என்று ரங்கா சொல்லிவிட்டாள். "பூட்டினது நீ. தொறக்கறதும் நீயே எழுது. நான் சப் எடிட்டரா இருந்துக்கறேன்."

முப்பது வருஷத்துக்கு மேல் செய்தி எழுதியவள். வெள்ளம், விபத்து, மில் லாக்கவுட், மாட்டுச் சந்தை, மந்திரி வருகை, எதுவானாலும் அரை மணி நேரத்தில் எழுதித் தள்ளியவள். ஐந்து வரிக்கு நான்கு நாள் ஆனது. முதல் பிரதியில் 'குடிவரவு சார்ந்த தேவைகளின் பொருட்டு' என்று ஆரம்பித்திருந்தேன். ரங்கா சிவப்புப் பேனாவால் ஒரே கோடாக இழுத்தாள். "யாருக்குப் புரியும் இது?" இரண்டாவதில் 'எங்கள் நெடுநாள் நட்பின்' என்று வந்தது. அவள் கோடு போடவில்லை. பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "ஏனுங்க வசந்தாமணி, மறுபடியும் பாதித் தகவலுங்களா?" என்று கேட்டுவிட்டு வெளியே நடக்கப் போய்விட்டாள்.

அந்த 'ங்க'வில் எனக்கு எழுத வந்துவிட்டது. அவள் திரும்பி வருவதற்குள் எழுதி முடித்தேன்.

"நானும் ரங்கநாயகியும் நாற்பது வருஷமாக ஒரு குடும்பம். என் மகளை அவளும் நானுமாக வளர்த்தோம். இப்போது அவள் என்னோடு இந்த ஊரில் இருப்பதற்கு, நாங்கள் ஒருவருக்கு ஒருவர் யார் என்று காட்ட வேண்டியிருக்கிறது. அந்தச் சீட்டுகளைத் தவிர எங்களிடம் சாட்சி இல்லை. உறவு என்று கேட்ட இடத்தில் நான் முன்பு எழுதிக் கொடுத்தது பயத்தில் எழுதியது. அதைத் திருத்திக்கொள்கிறேன்."

ரங்கா நின்றபடியே படித்தாள். காற்றில் நடந்து வந்ததால் முடி எல்லாம் எழுந்து நின்றது. இரண்டு தரம் படித்தாள். பிறகு உட்கார்ந்து, சிவப்புப் பேனாவை எடுத்து, ஒரு இடத்தில் விட்டுப்போயிருந்த ஒற்றெழுத்தைச் சேர்த்தாள். கையெழுத்துப் போட்டாள்.

"அனுப்பு" என்றாள். "தலைப்பு வேண்டாம்."

ஒரு வாரம் கழித்துச் சுகந்தியே கூப்பிட்டார். "கமிட்டி கூடுச்சுங்கம்மா. பிரின்சிபால் மேடம் உங்க லெட்டரைப் படிச்சுட்டு ஒரே ஒரு கேள்விதானுங்க கேட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"'எத்தனை நாள்ல ஸ்கேன் பண்ணி அனுப்ப முடியும்?'னு கேட்டாங்க."

நான் ஃபோனை ரங்காவிடம் கொடுத்துவிட்டு, எதற்கென்று தெரியாமல் வீட்டில் இருந்த எல்லா ஜன்னலையும் திறந்து விட்டேன்.

6

அடுத்த பத்து நாள் எங்கள் வீட்டில் தீபாவளி. தினமும் பதினைந்து இருபது சீட்டுகள் கம்ப்யூட்டரில் வந்து விழும். நடுநடுவே சுகந்தி ஃபோன் செய்து சிரிப்பார். "ஏனுங்கம்மா, 'ரங்கா, ரசம் அடுப்பு மேல. அமைச்சர் நாளைக்கு வரலை, இது உனக்கு மட்டும், அச்சுக்கு இல்லை'ன்னு எழுதியிருக்கீங்களே, உங்க பத்திரிகைக்காரங்க பாத்திருந்தா என்னங்க ஆயிருக்கும்?" என்ன ஆகியிருக்கும், இரண்டு பேருக்கும் வேலை போயிருக்கும். ரங்கா அந்தச் செய்தியை ஒருநாளும் போட்டதில்லை என்பதையும் பதிவு செய்து வைக்கிறேன்.

"வசந்தா, உன் செய்தியில் இன்னிக்கு மூணு பிழை. ஆனாலும் கடைசி வரி எனக்குப் பொறாமையா இருக்கு."

"ரங்கா, கீழ் வீட்டம்மா உனக்கு மாப்பிள்ளை பார்த்திருக்காங்க. உடுமலைப்பேட்டை. தென்னந்தோப்பு இருக்குதாம். யோசிச்சுச் சொல்லு."

அதற்குக் கீழேயே அவள் பதில். "தோப்பு வேணும். மாப்பிள்ளைய நீ வெச்சுக்கோ."

"வசந்தா, நித்யாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. நீ போவதற்கு முன் என்னை எழுப்பு. முகத்தைச் சரியாகப் பார்த்து நாலு நாளாச்சு."

சாப்பாட்டு மேசையில் நித்யா இவற்றை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். முறையான மொழிபெயர்ப்பாளருக்குப் போவதற்கு முன்னால் எதையெல்லாம் அனுப்பலாம் என்று ஹெலன் பார்க்க வேண்டும். தமிழ் படித்துப் பல வருஷம் ஆனவள், எழுத்து எழுத்தாக விரல் வைத்து வாசித்தாள். முதல் நாள் ஒரு சீட்டுக்குக் கால் மணி நேரம். ஐந்தாம் நாள் வேகம் வந்துவிட்டது, எங்களைக் கேட்காமலே படித்துத் தானாகச் சிரிக்க ஆரம்பித்தாள்.

ஒரு சனிக்கிழமை, "இது யாரு எழுதினது? இவ்ளோ ஸ்பெல்லிங் மிஸ்டேக்!" என்றாள். சத்தமாக வாசித்தாள்.

"ரங்கம்மா. அம்மா அலுது. ஆபிசில திட்டிடாங்க. நீ வந்ததும் அம்மா பக்கதுல படு. நான் செவுரு ஓரம் போய்கிறேன். இப்படிக்கு..."

நின்றுவிட்டாள். திரையில் இருந்ததை மறுபடி பார்த்தாள். இப்படிக்கு என்பதற்குக் கீழே, கோணல் மாணலாக, நித்யா, இரண்டாம் வகுப்பு ஆ பிரிவு.

அவள் திரும்பி எங்களைப் பார்த்தாள். நாற்பத்திநாலு வயதுப் பெண், மூக்கு மட்டும் ஏழு வயதில் அழும்போது சிவப்பது போலச் சிவந்திருந்தது.

"எனக்கு எப்பவுமே தெரியும்மா. நீங்க ரெண்டு பேரும்தான் எங்கிட்ட சொல்லவே இல்ல. ஒவ்வொரு தடவையும் இங்க ஆபீஸ்ல யாராவது கேக்கும்போது, 'அம்மாவோட ஃப்ரெண்ட்'னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது."

"டிக் அடிச்சுட்டியே கண்ணு" என்றாள் ரங்கா. "அது போதும்."

"போதாது. ஸ்பெல்லிங்கும் சரி பண்ணணும்" என்று நித்யா அழுதுகொண்டே சிரித்தாள். சரி பண்ணவில்லை. அப்படியேதான் போனது.

7

விசா அலுவலகத்தில் இருந்து ஃபோனில் பேட்டி. இரண்டு பேரிடமும் தனித்தனியாக. ரங்காவிடம் உங்களுக்குப் பிடிக்காத பழக்கம் என்ன என்று என்னிடம் கேட்டார்கள். நான் சொல்லிக்கொண்டே போனேன். அதிகாரி, போதும் அம்மா, நம்புகிறேன் என்று நிறுத்தினார்.

ரங்காவின் முறை வந்தபோது நான் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். மரச்சுவர் வீடு, அவள் குரலோ பஸ் ஸ்டாண்டில் செய்தி சேகரித்த குரல். முக்கியமான பேச்சில் தப்பு வந்துவிடக் கூடாது என்று, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் எனக் கேட்டிருந்தாள். லைனில் வந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாம் கேட்டது.

"அம்மா, நீங்கள் அவவை என்னெண்டு கூப்பிடுறனீங்கள் எண்டு கேக்கினம்."

"'ஏய்'ம்பேனுங்க."

"மரியாதை இல்லாமலோ?"

"மரியாதை இல்லாமத்தானுங்க. எங்கூர்ல எல்லாத்துக்கும் ங்க போட்டுத்தான் பேசுவோம்ங்க. பால்காரருக்கும் போடுவோம், கலெக்டருக்கும் போடுவோம். கடிக்க வர்ற நாயைக்கூட 'அக்கட்டால போங்க'ன்னுதான் சொல்லுவோம். வளத்த புள்ளைய உட்டா, நாப்பது வருசத்துல நான் ங்க போடாமப் பேசற ஆளு இந்த ஒலகத்துல அவ ஒருத்திதானுங்க. கோவம் வந்தா மட்டும் போடுவேன்."

பிறகு அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அம்மா, இதை இங்கிலீசில எப்பிடிச் சொல்லுறது எண்டு எனக்குத் தெரியேல்லை."

"பொறுமையா முயற்சி பண்ணுங்க கண்ணு. நான் எங்கியும் ஓடீர மாட்டேன்."

மூன்று நிமிஷம் இருக்கும், அவர் ஆங்கிலத்தில் விளக்கினார். பால்காரர் வந்தார், நாய் வந்தது. அதிகாரி ஏதோ கேட்டார், மறுபடி விளக்கம். நான் கதவில் காதை ஒட்டிக்கொண்டு, சிரிப்புச் சத்தம் வெளியே போகாமல் இருக்கத் துண்டை வாயில் அமுக்கிக்கொண்டு நின்றேன்.

"அம்மா" என்றார் கடைசியில். "ஒஃபிசர் சொல்லுறா, இப்ப நல்லா விளங்கீட்டுதாம்."

8

அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. வாரம் வாரமாகப் போனது. ரங்காவின் சுற்றுலா விசாவில் பதினொரு நாள் பாக்கி இருந்தபோது அவள் பெட்டியைப் பரணில் இருந்து இறக்கித் தூசி தட்டினாள். நான் அதைப் பார்க்காத மாதிரி துணி மடித்தேன். இரண்டு பேரும் அன்றைக்கு நிறையப் பேசினோம், பெட்டியைப் பற்றி மட்டும் பேசவில்லை.

போன செவ்வாய்க்கிழமை மதியம் நித்யா ஆபீசில் இருந்து கூப்பிட்டாள். "அம்மா, ஈமெயில் பாரு" என்றாள். பார்த்தேன். பார்த்ததும் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே ஓடினேன். ரங்கா நூலகத்துக்குப் போயிருந்தாள், திரும்பி வரும் நேரம். எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது, கீழே சாலைக்குப் போக நீளமான படிக்கட்டு. முழங்கால் வலி எங்கே போனது என்று தெரியவில்லை. காற்று என்னைப் பின்னால் இருந்து தள்ளியது. பக்கத்து வீட்டுக் கிழவர், "யேனுங்க!" என்றார். "ஏனுங்க! ஏனுங்க!" என்று கத்திக்கொண்டே அவரைத் தாண்டி இறங்கினேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி, மேடு ஏறுவதற்கு முன்னால் மூச்சு வாங்க, நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் ரங்கா. மடியில் நான்கு புத்தகம்.

"கெடச்சிருச்சு!" என்று சாலைக்கு இந்தப் பக்கம் இருந்தே கத்தினேன்.

"என்ன கெடச்சுது?"

"விசா!"

"யாரு சொன்னா?"

"நித்யா!"

"அவளுக்கு யாரு சொன்னா?"

"ஈமெயில் வந்திருக்குடி!"

"நீ உங்கண்ணால படிச்சியா? பூராவும் படிச்சியா? சுமுகம்னு தலைப்பு மட்டும் பாத்துட்டு ஓடி வந்தியா?"

சாலையைத் தாண்டிப் போய் ஃபோனை அவள் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். முதல் வரியில் இருந்து கடைசி வரிவரை விரல் வைத்துப் படித்தாள். என் பெயர், அவள் பெயர், நடுவில் பார்ட்னர் என்ற அந்த வார்த்தை. மறுபடி மேலே போய்ப் படித்தாள். அப்புறம் அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பா அழுகையா என்று இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக எனக்கே தெரியவில்லை. என்னைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். புத்தகங்கள் கீழே விழுந்தன. இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு, எழுந்து நிற்கவும் முடியாமல், விழுந்து விழுந்து சிரித்தோம். என் காலில் செருப்பு இல்லாததை அப்போதுதான் அவள் பார்த்தாள். அதற்கும் சிரித்தாள்.

பெஞ்சில் ஆள் இருப்பதைப் பார்த்து ஒரு பஸ் வந்து நின்றது. வயதானவர்கள் ஏறட்டும் என்று எங்களுக்காகப் படியைத் தாழ்த்தி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, டிரைவர் காத்திருந்தார். உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ரங்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் தோளில் ஒரு கையை வைத்தபடியே மறு கையை அவரைப் பார்த்து ஆட்டினாள்.

"நீங்க போங்க சாமி" என்றாள் தமிழிலேயே. "நாங்க எங்கியும் போகலீங்க."